வேலை நேரத்தில் ஐந்து நிமிட விளையாட்டு: தொடங்குவதிலிருந்து நிலைக்கச் செய்வது வரை முழுமையான வழிகாட்டி

வேலைக்கு நடுவில் ஒரு சின்ன விளையாட்டு வைக்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் விளையாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒருவர் பந்து வாங்கி வருவார், இன்னொருவர் வீட்டில் கிடந்த கரம்போட்டைக் கொண்டுவந்து வைப்பார், முதல் இரண்டு நாள் நல்ல பம்பலாகப் போகும், பிறகு சத்தம் கூடிவிட்டது என்று பொறுப்பாளர் முகம் சுளிப்பார், அடுத்த கிழமை பந்து அலுமாரிக்கு மேலே கிடக்கும். இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று நான் பார்த்த வேலையிடங்கள் பலவற்றிலும் இதுதான் நடந்தது.

விளையாட்டைத் தெரிவு செய்வது கடைசியில் வரவேண்டிய வேலை. உடம்பில் எது களைக்கிறது, எந்த நேரத்தில் நிறுத்துவது, யாரிடம் சொல்லவேண்டும், எங்கே விளையாடுவது, யார் யார் வருவார்கள் என்பதெல்லாம் முடிவான பிறகு பொருத்தமான விளையாட்டு தானாகவே வந்து நிற்கும். கீழே அந்த ஒழுங்கில்தான் எழுதியிருக்கிறேன். நேரே ஏழாவது பகுதிக்குத் தாவ வேண்டாம்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

சுவர் மணிக்கூடு அல்லது போனில் ஒரு அலாரம். குடிதண்ணீர். ஐந்தாறு சிரட்டை, தும்பு போகச் சுரண்டியது. தென்னோலையில் பின்னின பந்து ஒன்று. ஒரு பிடி புளியங்கொட்டை. ஒரே அளவில் ஐந்து கல். கொஞ்சம் சோக்கட்டி. அவ்வளவுதான்.

காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாங்கிய பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிடுவார், அது தொலைந்தால் யார் தொலைத்தது என்ற கதை வரும், பூட்டி வைத்தால் திறப்பு யாரிடம் என்று தேடவேண்டி வரும். சிரட்டை தொலைந்தால் யாரும் கேட்கப்போவதில்லை, நாளைக்கு வேறு சிரட்டை.

இன்னொன்றும் முன்கூட்டியே தேவை: இதனால் என்ன கிடைக்கும் என்பதில் ஒரு தெளிவு. 10 நிமிடத்துக்கு மேற்படாத குட்டி இடைவேளைகளைப் பற்றிய 22 ஆய்வு மாதிரிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு 2022இல் வெளியானது. உற்சாகம் கூடுகிறது, களைப்பு குறைகிறது என்பது அதில் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் வேலையின் அளவோ தரமோ எல்லா வேலையிலும் கூடியது என்று அதில் வரவில்லை. மூளையைப் பிழியும் வேலைகளுக்கு 10 நிமிடத்துக்கும் கூடிய ஓய்வு தேவைப்படலாம் என்றுதான் அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே ஆட்கள் உசாராக இருப்பார்கள் என்று சொல்லுங்கள், அது உண்மை. வேலை இரட்டிப்பாகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

2. முதலில் வேலையைப் பாருங்கள்: எது களைக்கிறது, எது சும்மா கிடக்கிறது

முழு வழிகாட்டியிலும் முக்கியமான படி இதுதான், புதிதாகத் தொடங்குபவர்கள் தவறாமல் விட்டுவிடும் படியும் இதுதான். நாள் முழுக்க உழைத்த உறுப்புக்கு ஓய்வு, சும்மா கிடந்த உறுப்புக்கு வேலை. விளையாட்டு இந்த இரண்டையும் செய்யவேண்டும்.

கணனிக்கு முன்னால் இருப்பவர்களுக்குக் கண்ணும் கழுத்தும் விரலும் களைக்கும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைகிறது, அதனால்தான் பின்னேரம் ஆனதும் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்துகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள் கண் வைத்தியர்கள். இவர்களுக்கு எழுந்து நின்று தூரத்தைப் பார்க்கிற விளையாட்டு வேண்டும். போனில் விளையாடுவது ஆகவே ஆகாது, அதே கண்ணும் அதே விரலும்தான் திரும்பவும் உழைக்கின்றன.

தையல் மெசினில் இருப்பவர்கள் தோளைக் குறுக்கிக் குனிந்தபடியே இருக்கிறார்கள். நுணுக்கமான வேலையை விரல் நாள் முழுக்கச் செய்துவிட்டது. இவர்களுக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கவைக்கும் விளையாட்டு, தோளும் நெஞ்சும் விரியவேண்டும்.

கடையில் நிற்பவர்கள், ஆசிரியர்கள், தாதியர்கள், இவர்களை எழுப்பி ஓடவிடுவது பெரும் பிழை. காலில் இரத்தம் தேங்கிக் கணுக்கால் வீங்கிப்போய் நிற்பவரிடம் "வாங்கோ அக்கா, பந்து எறிவம்" என்றால் அவர் முகத்துக்காக வருவார், மறுநாள் வரமாட்டார். இவர்களுக்கு உட்கார்ந்து, முடிந்தால் காலை ஒரு வாங்கில் நீட்டிக்கொண்டு கையால் விளையாடுவது.

வயலில் களை பிடுங்குபவர்கள், கச்சான் பிடுங்குபவர்கள் ஏற்கெனவே குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போய் இருப்பார்கள். அவர்களுக்கு ஓட்டமும் வேண்டாம் குனிவும் வேண்டாம், வரம்போர மரநிழலில் முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டு பகிடி வருகிற ஒரு விளையாட்டுப் போதும்.

ஐந்து நிமிடம் அசைந்து என்ன வரப்போகிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உடல் அசைவு கணக்கில் சேர்வதற்குத் தொடர்ந்து 10 நிமிடமாவது இருக்கவேண்டும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் அந்த நிபந்தனையைக் கைவிட்டுவிட்டது. கொஞ்ச அசைவும் கணக்குத்தான்.

3. நேரத்தைப் பூட்டுங்கள்

களைத்த பிறகு விளையாடுவோம் என்று இருந்தால் விளையாடமாட்டீர்கள். களைத்தவருக்கு எழும்பவே மனம் வராது, போனைத்தான் எடுப்பார். அதனால் களைப்பு வருவதற்குச் சற்று முன்னால் நேரத்தை வையுங்கள், உங்களுக்குக் களைப்பு இருக்கிறதோ இல்லையோ அந்த நேரத்தில் எழும்புங்கள்.

எட்டரைக்குத் தொடங்கும் அலுவலகம் என்றால் முதல் இடைவேளை 10.15 அளவில். தேத்தண்ணி வருவதற்கு முன்னால் விளையாடுங்கள், பிறகு தேத்தண்ணி. முதலில் தேத்தண்ணி வந்தால் ஆட்கள் கோப்பையுடன் கதிரையிலேயே ஊன்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு அசைக்க முடியாது. இரண்டாவது இடைவேளை 2.30 அளவில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த மந்தம் சோற்றால் மட்டும் வருவதில்லை, ஒன்றிலிருந்து மூன்று மணி வரைக்கும் உடம்பின் உள்மணிக்கூடே கொஞ்சம் தாழ்ந்துதான் ஓடுகிறது. அந்த நேரத்தில் இன்னொரு தேத்தண்ணி குடிப்பதைவிட விளையாட்டு நல்லது, ஏனென்றால் குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகும் உடம்பில் நிற்கும், இரவு நித்திரையில் கைவைக்கும்.

வன்னி வெயிலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. காலையில் அசைகிற விளையாட்டு, பின்னேரம் உட்கார்ந்து விளையாடுவது. சித்திரை, வைகாசியில் இரண்டரை மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே பந்து எறிந்து வியர்த்துப்போய் வந்து உட்கார்ந்தால் களைப்பு கூடுமே தவிரக் குறையாது.

விளையாட்டு நேரம் நாலு அல்லது ஐந்து நிமிடம். எழும்பிப் போவது, தண்ணீர் குடிப்பது, திரும்பி வருவது எல்லாம் சேர்த்து ஏழுக்குள் முடியவேண்டும். பத்தைத் தாண்டினால் அதற்கு வேறு பெயர் வைத்து நிறுத்திவிடுவார்கள்.

4. பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

சொல்லாமல் தொடங்கி, அவர் ஒரு நாள் கதவைத் திறந்து பார்த்தபிறகு விளக்கம் சொல்வது சரிவராது. முதலே கேளுங்கள், ஆனால் கேட்கும் முறை முக்கியம். "எங்களுக்கு விளையாட நேரம் தாங்கோ" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"சேர், பத்தே காலுக்கு ஏழு நிமிசம், ரெண்டரைக்கு ஏழு நிமிசம். ரெண்டு கிழமைக்கு மட்டும் செய்து பாக்கிறம். சனங்கள் காத்துக்கொண்டு நிண்டா அண்டைக்கு இல்லை. வேலை பிந்தினா நீங்களே நிப்பாட்டுங்கோ."

இதில் நேரம் இருக்கிறது, முடிவுத் திகதி இருக்கிறது, நிறுத்தும் உரிமை அவரிடமே இருக்கிறது. பயப்பட அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதைவிட, வெளியே சனம் வரிசையில் நிற்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால் வந்தவர்களுக்கு எவ்வளவு மனம் நோகும் என்பதை நாங்களே முதலில் யோசித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிகிறது. பிரதேச செயலகத்துக்கோ சங்கக் கடைக்கோ மல்லாவியிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காக்க வைத்துவிட்டு விளையாடுவது கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பொறுப்பாளரையும் விளையாட வரச்சொல்லுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

5. இடத்தை நடந்து பாருங்கள்

விளையாட நினைக்கும் இடத்தை ஒரு முறை ஆறுதலாக நடந்து பாருங்கள். நெருஞ்சி முள், போத்தல் ஓடு, ஈரமான சிவப்புச் சீமெந்து, கதவோரம் ஓடும் வயர், கைகழுவும் இடத்தில் பாசி. இவ்வளவும் கண்ணில் படவேண்டும். விறாந்தை, கூட்டின முற்றம், வேம்புக்கோ மாவுக்கோ கீழே நாள்தோறும் ஆட்கள் நடமாடும் நிலம், இவை போதும்.

பந்து வேலிக்கு அப்பால் பற்றைக்குள் போனால் போனதுதான், எடுக்கப் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் பணி முழுதாக முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன, அகற்றி முடித்த இடத்திலும் மழை கழுவியபிறகு ஏதாவது தலைகாட்டலாம். இனம் தெரியாத இரும்பு எதையும் தொடாமல், அந்த இடத்தில் மற்றவர்கள் போகாதபடி சொல்லிவிட்டு, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள். இது தெரியாதவர் வன்னியில் இல்லை, ஆனாலும் விளையாட்டு மும்முரத்தில் முதலில் மறந்துபோவது இதுதான். ஓலைப்பந்தைச் சொல்வதற்கு ஒரு காரணமும் இதுவே: அது உருண்டு தூரம் போகாது, போனாலும் விட்டுவிட மனம் வரும்.

6. ஆட்களைப் பாருங்கள், காரணம் கேட்காதீர்கள்

போர் நடந்த மண் இது, இங்கே எந்த வேலையிடத்தை எடுத்தாலும் செயற்கைக் காலுடன் ஒருவர் இருக்கக்கூடும். உடம்புக்குள் இன்னும் சன்னத்துண்டு இருப்பவர், ஒரு காது சரியாகக் கேளாதவர், திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துப்போகிறவர் இருக்கக்கூடும். அதில் பலபேர் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. ஆகவே ஒவ்வொருவரிடமும் போய் உங்களுக்கு என்ன பிரச்சினை என்று விசாரிக்க வேண்டாம். எவருக்கும் இடைஞ்சல் வராத விதத்தில் விளையாட்டையே அமைத்துவிடுவதுதான் மரியாதை.

அதற்குச் சில கட்டாய விதிகள். பலூன் உடைக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். பின்னால் வந்து கண்ணைப் பொத்துவது, கத்தித் திடுக்கிடச் செய்வது, விசில் அடிப்பது எதுவும் வேண்டாம். பேணிப்பந்து எங்களுக்கெல்லாம் பிடித்த விளையாட்டுத்தான், ஆனால் தகரப் பேணிகள் சரிந்து விழும் சத்தம் ஒரு அறைக்குள் பெரிய சத்தம். அதனால்தான் பேணிக்குப் பதிலாகச் சிரட்டை. சிரட்டை விழுந்தால் "டொக்" என்று ஒரு சின்னச் சத்தத்தோடு அடங்கிவிடும்.

எந்த விளையாட்டையும் நின்றும் விளையாடலாம், கதிரையில் இருந்தும் விளையாடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நிண்டு விளையாடுவமோ, இருந்து விளையாடுவமோ?" என்ற ஒரு கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டால் போதும், யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

இன்னும் சிலதைக் கவனியுங்கள். சேலை கட்டி வருபவர்களுக்குக் குதிக்கிற விளையாட்டு சங்கடம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், செருப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள். கந்தசஷ்டி, நவராத்திரி நாட்களில் விரதம் இருப்பவர்கள் இருப்பார்கள், அந்த நாட்களில் எல்லோருமே இருந்து விளையாடுவோம் என்று வைத்துவிடுங்கள்.

வயதில் மூத்த ஒருவர், "எனக்கு உந்த எறியிற பிடிக்கிற விளையாட்டெல்லாம் ஏலாது தம்பி" என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள், அதேநேரம் இழுக்கவும் வேண்டாம். "அப்ப நீங்கள் எண்ணிச் சொல்லுங்கோ அக்கா, எங்களை நம்பேலாது" என்று சொல்லிப் பாருங்கள். எண்ணுகிறவருக்குத்தான் கூடச் சிரிப்பு வரும். சில நாள் கழித்து அவரே பந்துக்குக் கை நீட்டுவார், நீட்டாவிட்டாலும் எண்ணுவது விளையாட்டில் சேர்ந்ததுதான்.

7. இப்போது விளையாட்டைத் தெரிவு செய்யுங்கள்

இரண்டாம் பகுதியில் கண்டதையும் ஆறாம் பகுதியில் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் பழக்க வேண்டாம்.

ஓலைப்பந்து எண்ணிக்கை. தையல் வேலையிடத்துக்கும் கணனி அலுவலகத்துக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். வட்டமாக நின்று, பந்தைத் தலைக்கு மேலாக எறிந்து, கீழே விழாமல் எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணுவது. பழகியபின் வலக்கைக்காரர் இடக்கையால், இடக்கைக்காரர் வலக்கையால். சரளமாக வராத கையால் எறியும்போது குறி தப்பும், சிரிப்பு வரும், கவனம் முழுக்கப் பந்தில் போகும். வேலையிலிருந்து மனம் கழன்றால்தான் அது ஓய்வு, அதற்கு இந்தச் சின்னக் கஷ்டம் தேவை. எல்லோரும் ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் இல்லை, ஆகவே தோற்றவரும் இல்லை.

சிரட்டை அடுக்கு. சிரட்டைகளைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஐந்து பாதம் தள்ளி நின்று ஓலைப்பந்தால் விழுத்துவது. கதிரையில் இருந்தும் எறியலாம். எறிந்தவரே திரும்ப அடுக்கவேண்டும் என்று வையுங்கள், நாள் முழுக்க இருந்தபடி வேலை செய்பவருக்கு அந்தக் குனிந்து நிமிர்வதும் நல்லது. களை பிடுங்குபவருக்கு இது வேண்டாம்.

கொக்கான், அதாவது ஐந்து கல் விளையாட்டு. நின்று வேலை செய்பவர்களுக்கு இதற்கு மிஞ்சியது இல்லை. கல் எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிறவல் குவியலில் கையைவிட்டுத் துழாவினால் நெல்லிக்காயைவிடச் சின்னதாக, புளியங்கொட்டையைவிடப் பெரிதாக, ஓரம் தேய்ந்து உருண்டு வந்த கற்கள் கிடைக்கும். சிவப்புத் தூள் போகக் கழுவிக் காயவைத்து, ஐந்தையும் உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள், ஒன்று மட்டும் பாரமாகத் தட்டுப்பட்டால் அதை மாற்றுங்கள். பாரம் ஒத்துவராத கல் இருந்தால் மேலே எறிந்த கல் வருமுன் கீழே உள்ளதை அள்ளும் அந்தத் தாளம் கையில் பிடிபடாது. மேசையில் ஒரு பழைய துவாயை விரித்துவிட்டு விளையாடுங்கள், கல் சிதறாது, சத்தமும் இல்லை. முதலில் ஒவ்வொன்றாக அள்ளுவது, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், பிறகு நாலையும் ஒரே அள்ளல். ஒருவருக்கு ஒரு தடவை, தவறினால் அடுத்தவர். சிறுவயதில் பாடசாலை விறாந்தையில் விளையாடிய கை அதை மறப்பதில்லை. நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் பலருக்கு முதல் நாளே இளையவர்களைவிட வடிவாக வரும், அதைப் பார்ப்பதே எல்லோருக்கும் உற்சாகம். கணனியில் தட்டச்சுச் செய்கிறவர்களுக்கும் தைக்கிறவர்களுக்கும் இதைக் கொடுக்க வேண்டாம், அவர்கள் விரலுக்கு ஓய்வு வேண்டும்.

ஒற்றையா இரட்டையா. வயலுக்கும் கடைக்கும் ஏற்றது. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. ஒருவர் சிலதைக் கைக்குள் மூடி நீட்ட, மற்றவர் ஒற்றையா இரட்டையா என்று சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் கைக்குள் இருப்பது அவருக்கு. முகத்தைப் பார்த்து ஊகிப்பதில்தான் சுவை. இடம் வேண்டாம், எழும்பவும் வேண்டாம், வாடிக்கையாளர் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம்.

தூரத்துப் பொருள். கண் களைத்தவர்களுக்கு. வாசலில் நின்று ஒருவர் தூரத்தில் தெரியும் ஒன்றை மனதில் நினைப்பார்: ஒரு தனிப் பனை, தண்ணீர்த் தாங்கி, குளக்கட்டில் நிற்கும் மாடு. மற்றவர்கள் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்டுக் கண்டுபிடிக்கவேண்டும். கேள்வி கேட்பவர் எல்லோரும் தூரத்தைத் துருவித் துருவிப் பார்த்தே ஆகவேண்டும். 20 விநாடி பார் என்று சொன்னால் யாரும் பார்ப்பதில்லை, இதில் நாலு நிமிடமும் பார்ப்பார்கள். தட்டையான வன்னி நிலத்தில் கண் எட்டும் தூரத்துக்குக் குறைவே இல்லை.

எடுக்கக்கூடாதவையும் உண்டு. கிளித்தட்டு வேண்டாம். அருமையான விளையாட்டு, ஆனால் கோடு கீறி ஆள் பிரித்து முடிக்க அரை மணித்தியாலம் வேண்டும், வியர்வையில் உடுப்பும் நனைந்துவிடும். அதைப் பொங்கலுக்கோ வருசத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள். தாயமும் நாயும் புலியும் விளையாட்டும் ஐந்து நிமிடத்தில் முடியாதவை. பாதியில் விட்ட ஆட்டம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், வேலைக்குத் திரும்பிய பிறகும்.

8. எழும்புவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்

பாதியில் விட்ட வேலையை விட்டு எழும்பினால் கவனத்தில் ஒரு பங்கு அந்த வேலையிலேயே நின்றுவிடுகிறது என்று சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். அதற்கு ஒரு மருந்தையும் பின்னர் அவரே இன்னொருவரோடு சேர்ந்து சொன்னார்: எங்கே விட்டேன், திரும்பி வந்ததும் என்ன செய்வேன் என்பதை எழும்புவதற்கு முன் சுருக்கமாக எழுதிவைப்பது.

"பக்கம் 3, இரண்டாவது நிரல் கூட்டவேண்டும்." இவ்வளவு போதும். எழுதிவிட்டால் மனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, திரும்பி வந்து எங்கே நின்றேன் என்று தேடுவதும் இல்லை.

தையல்காரர்கள் எழுதத் தேவையில்லை, ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துவிட்டு மோட்டர் சுவிட்சை நிறுத்துங்கள். இஸ்திரிப்பெட்டி இருந்தால் அதன் வயரைக் கழற்றியபின்தான் எழும்பவேண்டும். கடை என்றால் காசு மேசையில் ஒருவர், அதுவும் முறைவைத்து. ஒரே ஆள் எப்போதும் காவல் இருந்தால் அவருக்கு மனத்தாங்கல் வரும், வரவும் நியாயம் இருக்கிறது.

9. ஏழு நிமிடத்தை நடத்தும் ஒழுங்கு

அலாரம் அடித்ததும் அந்த ஒரு வரி. எழும்பி, அரைக் கோப்பை தண்ணீர். தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள், வன்னிச் சூட்டில் தாகம் தெரிய முன்னமே உடம்பில் தண்ணீர் குறைந்துவிடும். பிறகு நேரே விளையாட்டு, யார் முதல் என்று பேசிக்கொண்டு நிற்காமல். நேற்று கடைசியாக விளையாடியவர் இன்று முதல் என்று ஒரு விதி வைத்தால் அந்தப் பேச்சே இல்லை.

இரண்டாவது அலாரம் அடித்ததும் நிறுத்தவேண்டும், பந்து யார் கையில் இருந்தாலும் சரி. இன்னும் ஒரு தடவை என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த ஆசை இருக்கும்போதே நிறுத்தினால்தான் நாளைக்கு அலாரம் அடிக்கும்போது கூப்பிடாமலே எழும்பி வருவார்கள். அலாரத்துக்குப் பொறுப்பாக, கிழமைக்கு ஒருவர் என்று மாறி மாறி இருங்கள், நிறுத்தச் சொல்கிறவர் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால் அவர் மீதுதான் எரிச்சல் வரும்.

கையைக் கழுவி, இடத்துக்கு வந்து, எழுதிவைத்த வரியைப் படித்து, அதிலிருந்தே தொடங்குங்கள். நடுவில் போனைப் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கிடைத்த தெளிவை ஒரு வைபர் செய்தி தின்றுவிடும்.

10. அடிக்கடி காணும் பிழைகள்

பந்தயம் வைப்பது. தோற்றவர் இன்றைக்கு எல்லோருக்கும் பிளேன்ரீ என்று சின்னதாகத்தான் தொடங்கும். சம்பளம் எட்டாத ஒருவர் அந்த வட்டத்துக்கு வராமல் ஒதுங்கும்போதுதான் விளங்கும். பந்தயமும் வேண்டாம், பரிசும் வேண்டாம்.

தோற்றவருக்குத் தண்டனை. பாடு, ஆடு என்று ஒருவரைப் பலர் முன் நிற்கவைப்பது சிலருக்குப் பகிடி, கூச்ச சுபாவம் உள்ளவருக்குப் பெரிய வேதனை. அவர் அடுத்த நாள் வேலை இருக்கிறது என்று மேசையை விட்டு எழும்பமாட்டார்.

நாள்தோறும் புள்ளி எழுதி வைப்பது. ஒரு மாதத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். கூட்டு எண்ணிக்கை ஒன்றை மட்டும் சோக்கட்டியால் சுவரில் எழுதுங்கள், நேற்று எத்தனை, இன்று எத்தனை.

படம் எடுத்துப் போடுவது. விளையாடும்போது எடுத்த படம் முகநூலில் போனால், அலுவலகத்துக்கு வந்து காத்திருந்து திரும்பிய ஒருவர் அதைப் பார்ப்பார். எடுக்கவே வேண்டாம்.

ஒருநாள் தவறியதும் விட்டுவிடுவது. மாத முடிவுக் கணக்கு, கணக்காய்வு, அறுவடை, திருவிழா என்று தவறும் நாட்கள் வரும். தவறிய நாளுக்கு ஈடாக அடுத்த நாள் இரட்டிப்பு நேரம் எடுக்காமல் வழக்கமான ஏழு நிமிடத்திலேயே திரும்பத் தொடங்குங்கள்.

11. தனியே வேலை செய்பவர்களும் மழைக்காலமும்

வீட்டிலிருந்து கணனியில் வேலை செய்பவர்கள், தனியாகக் கடை நடத்துபவர்கள், பனையோலை பின்னுபவர்கள், இவர்களுக்கும் ஒழுங்கு இதேதான், நாலாம் பகுதி மட்டும் தேவையில்லை. சுவரில் சோக்கட்டியால் ஒரு வட்டம் கீறி ஓலைப்பந்தை எறிந்து பிடிப்பது தனியாளுக்கு நல்ல விளையாட்டு. பின்னேரம் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையோடு ஒற்றையா இரட்டையா, ஆனால் அலாரம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். நிறுத்துவது தன் பொறுப்பு என்றால் அதுவே அடம்பிடிக்காமல் நிறுத்தும்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் முற்றம் சேறாகிவிடும், விறாந்தையும் தூவானத்தில் நனைந்து வழுக்கும். மழை வந்தபிறகு இடம் தேடவேண்டாம், புரட்டாசியிலேயே உள்ளே ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள். அந்த மாதங்களில் பந்தையும் சிரட்டையையும் எடுத்து வைத்துவிட்டு மேசையில் துவாயை விரித்துக் கொக்கானுக்கு மாறுங்கள். விரலால் வேலை செய்பவர்களாக இருந்தால் அங்கேயும் ஒரு மாற்று உண்டு: எழும்பி நின்று, கையைக் கோத்துத் தலைக்கு மேலே நீட்டியபடி விடுகதை போடுவது. ஒருவர் விடுகதை சொல்ல, விடை வரும்வரை யாரும் கையை இறக்கக்கூடாது. மூன்று விடுகதைக்குள் தோள் நன்றாக இளகிவிடும். ஒரு நிமிடத்துக்குள் விடை வராவிட்டால் போட்டவரே சொல்லிவிடவேண்டும் என்றும் பேசிவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கை வலிக்கத் தொடங்கிவிடும்.